பெயர் அழிந்த கிட்டாரும் அதன் ஆறு ஸ்க்ரூ ட்ரெமலோவும்

மேலூர் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பல வருஷம் மேடையேறிய கிட்டார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம், மூன்று சிங்கிள் காயில் பிக்அப். கறுப்பு பெயிண்ட் கம்பெனியில் அடித்தது இல்லை, வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் அடித்தது. ஹெட்ஸ்டாக்கில், அதாவது நெக்கின் தலையில், பெயரைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். கைமாறியபோது "ஒரிஜினல் ஜப்பான் பீஸ்" என்று சொல்லப்பட்டது. புகார் ஒன்றுதான்: வாமி பாரை (கம்பிகள் உட்காரும் ட்ரெமலோ பிரிட்ஜைச் சாய்த்துச் சுதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி) ஒருமுறை அமுக்கிவிட்டால் சுதி கலைந்துவிடுகிறது. அதனால் பாரைக் கழற்றி வைத்துவிட்டு, பின்பக்கக் குழியில் ஒரு மரச்சீவலைச் செருகி பிரிட்ஜை அசையாமல் அடைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

பிரிட்ஜை மாற்றிவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அதைக் கடைசியில் செய்ய வேண்டும். எந்த ஊர்க் கிட்டார் என்று தெரியாமல் பிரிட்ஜ் வாங்கினால் ஸ்க்ரூ துளை சேராது. எந்த இடத்தில் சுதி விலகுகிறது என்று தெரியாமல் மாற்றினால், புதுப் பிரிட்ஜிலும் அதே புகார் வரும்.

அடையாளம்: அளவும் சாவியும்

நட்டிலிருந்து (ஹெட்ஸ்டாக் பக்கம் கம்பிகள் படியும் பள்ளங்கள் உள்ள பட்டை) 12ஆம் ஃப்ரெட் வரை 324 மில்லிமீட்டர். இரண்டால் பெருக்கினால் 648, அதாவது ஃபெண்டர் பாணி ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்). இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஸ்ட்ராட் போல யார் செய்தாலும் இந்த அளவில்தான் செய்வார்கள். கிப்சன் பாணியாக இருந்தால் 628 பக்கம் வரும். அதை விலக்கிவிட்டது, அவ்வளவுதான்.

பாடியின் கனம் 40 மில்லிமீட்டர். முழு அளவு ஸ்ட்ராட் பாடி 44 முதல் 45 வரை இருக்கும். மெல்லிய பாடி என்றால் பெரும்பாலும் விலை குறைந்த ஆசியத் தயாரிப்பு. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிரிட்ஜின் அடியில் தொங்கும் உலோகக் கட்டையான பிளாக் வாங்கும்போது இதுதான் வேலைக்கு வரும்.

அடுத்து ஆலன் கீ. பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடிலை ஏற்றி இறக்கும் குட்டி ஸ்க்ரூவில் எந்த சாவி சரியாக உட்காருகிறது என்று பார்ப்பது, வெறும் பத்து ரூபாய் சாவியில் கிடைக்கும் நல்ல சாட்சி. அமெரிக்க ஃபெண்டரில் அது 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர். ஜப்பான், கொரியா, சீனா, இந்தோனேசியாவில் செய்ததில் 1.5 மில்லிமீட்டர். இந்தக் கிட்டாரில் 1.5 ஆட்டமில்லாமல் உட்கார்ந்தது. தேய்ந்த சாவியை வைத்துப் பார்த்தால் இந்தச் சோதனையே பொய்யாகிவிடும். சாவி முனையை எண்ணெய்க் கல்லில் நேராகத் தேய்த்துப் புது விளிம்பு எடுத்துவிட்டுப் பாருங்கள். வேர்வை உப்பில் துருப்பிடித்து ஸ்க்ரூ இறுகியிருந்தால் வலுவாகத் திருக வேண்டாம். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, சால்டரிங் அயர்ன் முனையை அதன் தலையில் அரை நிமிஷம் வைத்தால் சூட்டில் துரு விடும். பளபளப்பு வரவேண்டும் என்று புளி போட்டுத் தேய்ப்பதைப் பார்க்க முடிகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு அது சரி. குரோம் முலாம் பொரிந்த இடத்தில் அந்தப் புளிப்பு உள்ளே இறங்கி அடியிலுள்ள உலோகத்தை அரிக்கும்.

பிரிட்ஜின் முன் விளிம்பில் ஆறு ஸ்க்ரூ. முதல் ஸ்க்ரூவின் நடுவிலிருந்து ஆறாவதன் நடு வரை வெர்னியரில் 52.5 மில்லிமீட்டர், அதாவது ஒவ்வொரு இடைவெளியும் 10.5. பழைய அமெரிக்க ஃபெண்டரில் இது 56.4, இடைவெளி 11.3. ஜப்பான், கொரியத் தயாரிப்புகள் சிலவற்றில் 54, இடைவெளி 10.8. பிரிட்ஜ் ஆர்டர் செய்யும்போது இந்த மூன்றில் எது என்று தெரியாமல் "ஸ்ட்ராட் பிரிட்ஜ்" என்று மட்டும் கேட்டால் வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அடிஸ்கேலை மேலே வைத்துக் கண்ணால் பார்த்தால் 52.5க்கும் 54க்கும் வித்தியாசம் பிடிபடாது. ஆறு துளையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய், கடைசித் துளையில் ஸ்க்ரூ சாய்ந்து நிற்கும்போதுதான் தெரியும்.

பின்பக்க மூடியைக் கழற்றினால் ஸ்ப்ரிங் குழி. அதன் பக்கச் சுவரில் டார்ச்சைச் சாய்த்து அடித்தபோது, பெயிண்டுக்கு அடியில் கோடுகோடாக அடுக்குகள் தெரிந்தன. பிளைவுட் பாடி. முன்பக்கம் பிக்கார்டைத் தூக்கினால் சிறிய 16 மில்லிமீட்டர் பாட்டுகள் (வால்யூம், டோன் திருகும் பொட்டென்ஷியோமீட்டர்கள்), முதுகில் பி500கே என்று முத்திரை. அமெரிக்க கிட்டாராக இருந்தால் பெரிய பாட்டில் 137 என்று தொடங்கும் எண் இருக்க வாய்ப்புண்டு. 137 என்பது சிடிஎஸ் கம்பெனியின் குறி. அடுத்த இரண்டு இலக்கம் வருஷம், கடைசி இரண்டு வாரம். 1377633 என்றால் 1976ஆம் வருஷம் 33ஆவது வாரம் செய்த பாட். கிட்டார் அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது ஆதாரம். பாட் கிடங்கில் சில வருஷம் கிடந்திருக்கலாம், ரிப்பேரில் பின்னால் மாட்டியதாகவும் இருக்கலாம். சால்டர் மங்கலாக, யாரும் தொடாததுபோல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்த எண்ணை நம்ப வேண்டும்.

பிக்அப்பின் அடியில் ஒரு செராமிக் காந்தப் பட்டை, அதன் மேல் இரும்புக் கட்டைகள். பழைய பாணியில் ஒவ்வொரு துருவமும் அல்நிகோ காந்தக் கம்பியாக இருக்கும், அடியில் பட்டை இருக்காது. மல்டிமீட்டரில் மூன்றும் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் எல்லைக்குள்ளேயே காட்டின, காயில் அறுபடவில்லை. ஓம் அளவை வைத்துக் கம்பெனி பெயர் சொல்பவர்களை நம்ப வேண்டாம். எல்லாருடைய சிங்கிள் காயிலும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும்.

நெக்கைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் கம்பிகளை முழுவதும் தளர்த்த வேண்டும். நான்கு ஸ்க்ரூவும் எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே துளைக்குத் திரும்ப வேண்டும், அதனால் ஒரு அட்டையில் குத்தி வைப்பது நல்லது. நெக்கின் அடியில் தேதி முத்திரை இல்லை. பாக்கெட்டில் ஒரு விசிட்டிங் கார்டுத் துண்டு ஷிம்மாக, அதாவது முட்டுக் கொடுக்க, வைக்கப்பட்டிருந்தது. ஹெட்ஸ்டாக்கின் பின்புறத்தில்தான் விடை கிடைத்தது. இருட்டறையில் டார்ச்சை மரத்தோடு படுக்க வைத்து அடித்தால், தேய்த்து எடுத்த எழுத்தின் தடம் நிழலாக எழும்பும். "மேட் இன்" என்பதும் அதன் பின்னால் "கொரியா"வும் படிக்க முடிந்தது. முன்பக்கத்தில் ஆழமாகத் தேய்த்திருப்பதால் கம்பெனி பெயர் கிடைக்கவில்லை.

பிளைவுட் பாடி, செராமிக் பிக்அப், மெட்ரிக் ஸ்க்ரூ, 52.5 இடைவெளி, கொரிய முத்திரை. 1980களின் பிற்பகுதியிலிருந்து 90களின் நடுப்பகுதி வரைக்குள் செய்த கொரியக் கிட்டார் என்று எழுதி வைத்தோம். அந்தக் காலத்தில் சாமிக், கோர்ட் போன்ற கொரியத் தொழிற்சாலைகள் பல கம்பெனிகளுக்குச் செய்து கொடுத்தன, அதனால் பெயரைத் துரத்துவதில் பலனில்லை. ஜப்பான் என்று சொல்லி வாங்கியவருக்கு வருத்தமாக இருக்கலாம். ஆனால் நெக் நேராக இருக்கிறது, ஃப்ரெட்டில் இன்னும் உயரம் மிச்சம் இருக்கிறது. மேடைக்கு அதுதான் வேண்டும்.

பெயரும் நம்பரும் அழியாமல் இருந்தால் வேலை சுலபம். ஃபெண்டரில் 1976க்கு முன் நம்பர் நெக் பிளேட்டில், பிறகு ஹெட்ஸ்டாக்கில். எஸ் என்றால் எழுபதுகள், இ என்றால் எண்பதுகள், என் என்றால் தொண்ணூறுகள். ஸ்குவையரில் ஜேவி என்று தொடங்கினால் 1982 முதல் 84 வரையிலான ஜப்பான் தயாரிப்பு, ஐசிஎஸ் என்றால் இந்தோனேசியா. 1980 வாக்கிலான ஜப்பான் ஐபனீஸில் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். எச்80 என்று தொடங்கினால் 1980 ஆகஸ்ட். நம்பர் ஒரு நாட்டையும் உள்ளேயிருக்கும் சாமான் வேறொரு நாட்டையும் சொன்னால், சாமானை நம்புங்கள்.

கழற்றுவதற்கு முன்: எந்தப் பக்கம் விலகுகிறது?

இந்த வேலையில் மிக அதிகமாகச் சொல்ல வேண்டியது இங்கேதான். பிரிட்ஜைக் கழற்றிவிட்டால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. எனவே ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் செய்து முடிக்க வேண்டும்.

புது 009 செட் (மிக மெல்லிய கம்பி 0.009 அங்குலம்) போட்டு, ஒவ்வொரு கம்பியையும் 12ஆம் ஃப்ரெட் அருகே விரலால் இழுத்து, சுதி சேர்த்து, மறுபடி இழுத்து, இனி இறங்காது என்ற நிலை வரும் வரை பழக்க வேண்டும். பழகாத கம்பியில் செய்யும் எந்தச் சோதனையும் வீண். அடைத்திருந்த மரச்சீவலை எடுத்துவிட்டு, பிரிட்ஜ் மிதக்கும்படி வைத்து, கிளிப் ட்யூனரில் ஆறு கம்பியும் சரியாக நிற்கும்படி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாரைக் கம்பி தொளதொளக்கும் வரை அமுக்கி, மெதுவாகத் தானாகத் திரும்ப விட வேண்டும். ஆறு கம்பியையும் ட்யூனரில் படித்து எழுத வேண்டும். பிறகு பாரை மேலே இழுத்து விட்டு, மறுபடியும் ஆறையும் எழுத வேண்டும்.

அமுக்கிவிட்ட பிறகு ஆறு கம்பியும் சேர்ந்து இறங்கி நின்று, மேலே இழுத்துவிட்ட பிறகு ஆறும் சேர்ந்து ஏறி நின்றால் கோளாறு பிரிட்ஜின் முன் விளிம்பில், அதாவது அது சுழலும் இடத்தில். பிரிட்ஜின் அடித்தகடான பிளேட் திரும்பி வரும் வழியில் உராய்ந்து, பழைய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகிறது.

ஒன்றிரண்டு கம்பி மட்டும், பெரும்பாலும் ஜி கம்பி, அமுக்கிவிட்ட பிறகு ஏறி நின்றால் கோளாறு நட்டில். இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் காரணம் எளிது. பாரை அமுக்கும்போது பிரிட்ஜ் பக்கம் கம்பி தளர்கிறது. நட்டுக்கும் சுதி திருகும் கட்டைக்கும் இடையிலுள்ள துண்டில் இன்னும் இழுவிசை இருப்பதால், அது கம்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. திரும்பி வரும்போது நட் பள்ளம் கம்பியைப் பிடித்துக்கொண்டால், இழுத்துக்கொண்ட நீளம் திரும்ப வராது. வாசிக்கும் பகுதி கூடுதல் இழுவிசையோடு நிற்கும், சுதி ஏறியிருக்கும். விரலால் பெண்ட் செய்துவிட்டால் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி விட்டால்) இதே பள்ளம் எதிர்ப்பக்கம் வேலை செய்து சுதியை இறக்கும்.

ஒரு எச்சரிக்கை. மிதக்கும் பிரிட்ஜ் ஒரு தராசு. ஒரு பக்கம் ஆறு கம்பி, மறுபக்கம் ஸ்ப்ரிங். ஜி கம்பி ஏறி நின்றால் அது பிரிட்ஜைச் சற்று முன்னால் இழுத்து, மற்ற ஐந்தையும் ஓரிரு சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்கும். அதைப் பார்த்து பிவட், அதாவது சுழலும் இடத்துக் கோளாறு என்று முடிவு செய்யக் கூடாது. ஜியை வாசிக்கும் பகுதியில் விரலால் ஒருமுறை பெண்ட் செய்து விடுங்கள். அது இறங்கி, மற்ற ஐந்தும் தானாகச் சரியானால் குற்றவாளி நட் மட்டுமே.

இந்தக் கிட்டாரில் இரண்டும் இருந்தன. அமுக்கிய பிறகு ஐந்து கம்பி நன்றாகவே இறங்கி நின்றன, ஜி மட்டும் ஏறி நின்றது. ஜியை விடுவித்த பிறகும் மற்றவை இறங்கியே இருந்தன. எனவே பிரிட்ஜையும் திறக்க வேண்டும், நட்டையும் பார்க்க வேண்டும்.

திறந்தபோது

கம்பியைத் தளர்த்தி, மூன்று ஸ்ப்ரிங்கையும் மூக்குப் பிளையரால் எடுத்துவிட்டு, ஆறு ஸ்க்ரூவையும் கழற்றினோம். ஓரத்திலிருந்த இரண்டு ஸ்க்ரூவும் நெக் பக்கம் சாய்ந்திருந்தன. பிளைவுட்டில் அவற்றின் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் நீண்டிருந்தது. கம்பிகளின் இழுவிசை முழுவதும் இந்த இரண்டு ஸ்க்ரூவில் விழுந்து, பிளைவுட் அடுக்கு நசுங்கியிருக்கிறது. ஸ்க்ரூக்களைச் சுண்டுவிரல் நகத்தால் வருடினால், தலைக்குக் கீழே மறையில் பிளேட் அறுத்த பள்ளம் நகத்தில் தட்டியது. பிளேட் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்தப் பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. ஆறும் சேர்ந்து விலகியதற்கு இதுவே காரணம்.

லியோ ஃபெண்டரின் இந்த வடிவமைப்பு 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு வந்தது, 1956இல் காப்புரிமை கிடைத்தது. அதில் பிளேட் அழுத்தி வெட்டிய இரும்புத் தகடு. முன் விளிம்பின் அடிப்பக்கம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். ஸ்க்ரூவைத் தொடுவது மெல்லிய விளிம்பு மட்டுமே. நகல்களில் சில இந்தச் சாய்வை விட்டுவிடும், அப்போது பிளேட்டின் முழுக் கனமும் ஸ்க்ரூவில் உராயும், முன் விளிம்பு மரத்தில் குத்தும். இந்தப் பிளேட்டில் காந்தம் ஒட்டியது, இரும்புதான். அடியில் சாய்வும் இருந்தது. துளை விளிம்பில் பிசிர் இருந்ததே தவிர, தேய்ந்து நீளவில்லை. பிளேட் தேறும்.

பிளாக்கில் காந்தம் ஒட்டவில்லை. அடிப்பக்கம் கீறிப் பார்த்தால் மஞ்சள் இல்லை, சாம்பல். பித்தளையும் இல்லை, துத்தநாகக் கலவை வார்ப்பு. பக்கவாட்டில் அச்சுக் கோடும் தெரிந்தது. கனம் 10 மில்லிமீட்டர்தான். துத்தநாக பிளாக் என்றாலே தூக்கிப் போட வேண்டும் என்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. இரும்பு பிளாக்கில் நாதம் கொஞ்சம் நீளும் என்பது உண்மை, ஆனால் சுதி நிற்பதற்கும் பிளாக்கின் உலோகத்துக்கும் சம்பந்தம் இல்லை. துத்தநாகத்தில் உண்மையான பலவீனம் பார் மாட்டும் துளை. அதன் மறை மென்மையாக இருப்பதால் சீக்கிரம் வழித்துவிடும். அதையும் பிளாக்கைப் பிளேட்டோடு பிடிக்கும் மூன்று ஸ்க்ரூவையும் பார்த்தால் போதும். இதில் மூன்றில் ஒன்று அரைச் சுற்று தளர்ந்திருந்தது. அதை விட்டிருந்தால் எல்லா ரிப்பேருக்குப் பிறகும் சுதி அலைந்திருக்கும்.

பார் துளையின் மறை எம்5 (5 மில்லிமீட்டர் மெட்ரிக் மறை), பாதி வழித்திருந்தது. இங்கே ஒரு வழக்கமான விபத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்க பாரின் மறை 10-32, விட்டம் 4.83 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 32 சுற்று. எம்5 மறை அங்குலத்துக்கு 31.75 சுற்று. இவ்வளவு நெருக்கம் என்பதால் அமெரிக்க பார் எம்5 துளையில் சுகமாக இறங்கும், ஆனால் தொளதொளவென்று ஆடி மறையைத் தின்னும். எம்5 பாரை 10-32 துளையில் அழுத்தித் திருகினால் பாதியில் இறுகி, பார் துளைக்குள் முறியும். பார் வாங்குமுன் கையில் இருப்பதை வெர்னியரில் அளந்துவிடுங்கள்.

வழித்த துளையை 5.0 பிட்டில் பெரிதாக்கி எம்6 டேப் (மறை வெட்டும் கருவி) போட்டோம். பிளாக் 10 மில்லிமீட்டர் என்பதால் இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் சுவர் மிஞ்சும், துளை நடுவில் இருந்தால் மட்டும். ஓரமாக இருந்தால் இதைச் செய்யக் கூடாது, புது பிளாக்தான். துத்தநாகம் டேப்பில் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று போக வேண்டும். புது இரும்பு பிளாக்கை கப்பலூர் அல்லது கே.புதூர் தொழிற்பேட்டை லேத் பட்டறையில் செய்யச் சொல்பவர்கள், பாடியின் கனத்தைக் கூடவே கொடுக்க வேண்டும். முழு அளவு பிளாக் 42 மில்லிமீட்டர் வரை ஆழம். 40 மில்லிமீட்டர் பாடியில் அது முதுகுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், மூடி போட முடியாது. 36 பக்கம் வைக்கச் சொல்லுங்கள். மூன்று ஸ்க்ரூவின் இடைவெளியையும் ஆறு கம்பித் துளையின் இடைவெளியையும் பழைய பிளாக்கிலிருந்தே எடுக்க வேண்டும், படத்தைப் பார்த்து எடுக்கக் கூடாது.

துளை அடைப்பு

முட்டை வடிவத் துளையில் தீக்குச்சியும் ஃபெவிகாலும் வைத்து அடைப்பது ஸ்ட்ராப் பட்டனுக்குப் போதும். இங்கே தாங்காது. ஆறு துளையையும் 6 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, 30 மில்லிமீட்டர் ஆழத்துக்கு முற்றிய வேங்கை ஆப்பு வைத்தோம். ஒரு துளைக்கும் அடுத்ததுக்கும் நடுவே 4.5 மில்லிமீட்டர் பழைய மரம் மிஞ்சும். 8 மில்லிமீட்டர் போட்டால் அது 2.5 ஆகிவிடும், பிளைவுட்டில் அது பிளந்துகொள்ளும். தேக்கு எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதன் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. தேக்குதான் இருக்கிறது என்றால் தின்னரில் துடைத்துக் காய்ந்த உடனே ஒட்டுங்கள்.

துளை போடுவதைக் கையில் பிடிக்கும் டிரில்லில் செய்யாதீர்கள். பில்லர் டிரில் உள்ள பட்டறையில் பாடியைத் துணி விரித்துப் படுக்க வைத்துப் போட்டால்தான் நேர்க்குத்தாக இறங்கும். நசுங்கிய பிளைவுட்டில் இடைவெளி இருக்கும் என்பதால் மெதுவாகக் காயும் அரால்டைட் பயன்படுத்தினோம், அது இடைவெளியை நிரப்பும். ஒரு முழு நாள் தொடாமல் விட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் காயும் வகை வேண்டாம். சித்திரை வெயிலில் பூட்டிய வேனுக்குள் கிடக்கும் கிட்டாருக்கு அது நம்பத் தகுந்ததில்லை.

புதுத் துளையின் இடத்தைப் பழைய துளையை வைத்துக் குறிக்கக் கூடாது, அது ஏற்கெனவே நெக் பக்கம் நகர்ந்தது. நெக்கை மாட்டி, இரண்டு ஓரக் கம்பியின் இடத்தில் நூல் கட்டி, ஃப்ரெட் போர்டின் இரண்டு விளிம்பிலிருந்தும் சமதூரம் வரும்படி பிளேட்டை வைக்க வேண்டும். மெல்லிய ஈ கம்பியின் சேடில் நட்டிலிருந்து 648இல் வரும்போது, அது முன்னும் பின்னும் நகர இடம் மிஞ்சுகிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். பைலட் துளை 2.5 மில்லிமீட்டர். ஸ்க்ரூ 3.5 விட்டம், 32 நீளம், மெழுகில் ஒருமுறை குத்தி எடுத்துத் திருகினால் வேங்கையிலும் முறியாமல் இறங்கும். ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். தலை வரை கூர்மையான மறை இருப்பதால் பிளேட்டை அரம்போல் அறுக்கும், கெட்டிப்பட்ட இரும்பு என்பதால் திடீரென்று முறியும். தலைக்குக் கீழே சில மில்லிமீட்டர் மறையில்லாமல் வழுவழுப்பாக இருப்பதைத் தேடி வாங்குங்கள்.

பிளேட்டின் துளைகளில் பிசிரை ஊசி அரத்தால் எடுத்தோம். நடு நான்கு துளைகளையும் 4 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கினோம். சுழற்சியை ஓரத்து இரண்டு ஸ்க்ரூவும் தாங்கட்டும், நடு நான்கும் பிளேட் எகிறாமல் காவலுக்கு நின்றால் போதும். ஆறும் ஒரே உயரத்தில், ஒரே இறுக்கத்தில் உராயாமல் நிற்பது நடைமுறையில் நடப்பதில்லை.

பிளேட்டை பாடியோடு ஒட்டப் படுக்க வைத்து, ஓரத்து இரண்டு ஸ்க்ரூவின் தலைக்கும் பிளேட்டுக்கும் நடுவே 1.6 மில்லிமீட்டர் விட்டோம். நடு நான்கையும் இன்னும் ஒரு கால் சுற்று மேலே வைத்தோம். ஸ்க்ரூவை முழுக்க இறுக்குபவர்கள்தான் மிகுதி. அப்படி இறுக்கினால் பிளேட் சுழலாது, வளைந்துகொடுக்கும். அதன் பிறகு எந்தச் சுதியும் நிற்காது.

நட், ஸ்ப்ரிங், மிதப்பு

நட் பள்ளத்துக்கான அரம் செட் விலை அதிகம். கேஸ் வெல்டிங் சாமான் கடையில் டார்ச் முனை சுத்தம் செய்யும் கம்பி செட் கிடைக்கும், பல கனத்தில் வட்ட அரங்கள். ஜி கம்பி 009 செட்டில் 016 அங்குலம், அதாவது 0.41 மில்லிமீட்டர். பள்ளம் அதைவிட ஒரு சில நூறில் ஒரு மில்லிமீட்டர் அகலமாக, ஹெட்ஸ்டாக் பக்கம் சற்றுச் சரிவாக இருக்க வேண்டும். அடியில் தோண்டாமல் பக்கச் சுவரை மட்டும் தேய்க்க வேண்டும். ஆழம் போனால் முதல் ஃப்ரெட்டில் கம்பி இரையும், நட்டையே மாற்ற வேண்டி வரும். கடைசியில் 6பி பென்சில் தூளைக் கொஞ்சம் வாசலினில் குழைத்துத் தடவினோம். சுதியைத் திருகும்போது ஜியில் வந்த "டிக்" சத்தம் நின்றது. அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தால் நட் இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

மூன்று ஸ்ப்ரிங், நேராக. 010 செட் போட்டால் நான்கு. ஸ்ப்ரிங்குகளின் மறுமுனை மாட்டியிருக்கும் கிளாவைப் பிடிக்கும் இரண்டு நீள ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகுவது, சுதி சேர்ப்பது, பிளேட்டின் பின் விளிம்பை அளப்பது, மறுபடி கால் சுற்று. ஃபெண்டர் சொல்லும் அளவு பின் விளிம்பில் 3.2 மில்லிமீட்டர். அந்த உயரத்தில் பாரை முழுக்க மேலே இழுத்தால் ஜி மூன்று அரைச்சுரம், பி இரண்டு, ஈ ஒன்று ஏறும். பாரில் கமகம் பிடிப்பவர்களுக்கு இது வேண்டும். இந்தக் குழுவில் பார் அமுக்குவதற்கே பயன்படுவதால் 2 மில்லிமீட்டரில் நிறுத்தினோம். 

கிளாவில் ஒட்டியிருக்கும் கறுப்பு ஒயரைக் கவனியுங்கள். கிளாவை நகர்த்தும்போது அது அறுபட்டால் ஆம்ப்பில் இரைச்சல் தொடங்கும், கம்பியைத் தொட்டாலும் அடங்காது. 25 வாட் அயர்னில் கிளா சூடேறாது, சால்டர் மேலே உருண்டையாக நிற்கும். 60 வாட் வேண்டும். இந்த ஒயர் வழியாகத்தான் வாசிப்பவரின் கை ஆம்ப்பின் எர்த்தோடு சேர்கிறது. ஊர்த் திருவிழாவில் ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் எர்த் சரியில்லை என்றால், கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கும். மேடையேறுமுன் மைக் கூட்டுக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்ப்பது எல்லாக் குழுவும் செய்ய வேண்டிய வேலை.

பிறகு நெக் வளைவு 0.25 மில்லிமீட்டர், 17ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் 1.6, கடைசியாக இன்டோனேஷன். 12ஆம் ஃப்ரெட்டை அழுத்திய சுதி, அதே இடத்து ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடிலை நட்டிலிருந்து விலக்க வேண்டும். பழைய சோதனையை மறுபடி ஓட்டியபோது, அமுக்கிவிட்டாலும் இழுத்துவிட்டாலும் ஆறு கம்பியும் ட்யூனரில் பச்சைக்குள் திரும்பின.

ஃப்ளாய்டு ரோஸ் வகை வந்தால்

இரண்டு தண்டில் நிற்கும், நட்டில் பூட்டு இருக்கும் வகைக்கு இதே சோதனை இன்னும் எளிது. நட் பூட்டியிருப்பதால் அங்கே குற்றம் சொல்ல இடமில்லை. ஆறும் சேர்ந்து விலகினால் தண்டில் படியும் பிளேட்டின் கத்தி விளிம்பு தேய்ந்திருக்கிறது, அல்லது தண்டு மரத்தில் ஆடுகிறது. தண்டுகளின் நடுவிலிருந்து நடு 74 மில்லிமீட்டர். பிளேட்டில் "லைசென்ஸ்டு அண்டர் ஃப்ளாய்டு ரோஸ் பேட்டன்ட்ஸ்" என்றிருந்தால் அது உரிமம் வாங்கி வேறொருவர் செய்தது. அதில் நல்லதும் உண்டு, மென்மையான இரும்பும் உண்டு. வெளியே தெரியாத ஓரத்தில் ஊசி அரத்தை வைத்து ஒரு இழுப்பு: அரம் வழுக்கினால் கெட்டி, கடித்தால் மென்மை. கெட்டியானதன் விளிம்பையும் அரம் போட்டுக் கூர்செய்ய முயல வேண்டாம், மேல் தோல் போனால் உள்ளே மென்மையான இரும்பு வந்துவிடும்.

தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் அதைச் சற்றுத் திருப்பிப் புது முகத்தை விளிம்புக்குக் காட்டலாம். உயரம் கொஞ்சம் மாறும், அதை மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் காரணத்துக்காகத் தண்டைத் திருகினாலும் முதலில் கம்பி முழுவதையும் தளர்த்திவிடுங்கள். முழு இழுவிசையில் உயரத்தை மாற்றுவதே இந்த விளிம்புகளைக் கெடுக்கிறது. நட் பூட்டு வாங்கும்போது அகலம் பாருங்கள்: ஆர்2 41.3 மில்லிமீட்டர், ஆர்3 42.9. பூட்டை இறுக்கும்போது சுதி ஏறினால், நட்டுக்குப் பின்னால் கம்பியை அழுத்தும் குறுக்குப் பட்டை போதுமான அளவு இறங்கவில்லை. அதை இறக்கி, கம்பி நட்டின் பின் சரிவில் படிந்து உட்கார்ந்த பிறகு பூட்டுங்கள்.